பத்து மைல் இடைவெளி

எங்கள் சங்கப் பத்திரிகையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலை நரைத்திருக்கும், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு முப்பத்துநாலு வயது. அந்தப் பக்கத்துக்கு எழுதச் சொல்லி கீர்த்தனா போன் செய்தபோது, கிண்டல் செய்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகிய பெண் அவள். இப்போது அவளே மைக் பிடிக்கிறாள்.

"அண்ணா, ரெண்டு விமானத்துக்கு நடுவுல விடற இடைவெளிய இன்னும் கொறைக்கப் போறாங்களாம். புதுசா வந்த பசங்க பயந்து போயிருக்காங்க. நீங்க ஏன் மைக்க விட்டீங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்களே எழுதிடுங்களேன்."

என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். என் தவறால் இரண்டு விமானங்கள் மோதப் பார்த்தன என்று சிலர். மேலதிகாரி வசந்தி மேடம் என்னைத் துரத்திவிட்டார் என்று சிலர். எனக்குக் காது கேட்காமல் போய்விட்டது என்றுகூட ஒரு பேச்சாம். மூன்றும் இல்லை. நான் இடைவெளி அதிகமாக விட்டேன். விட்டுக்கொண்டே போனேன். அதனால்தான் அந்த வேலை என் கையை விட்டுப் போனது. அது எப்படி நடக்கும் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். இறங்குவதும் அதில்தான், ஏறுவதும் அதில்தான். வானத்தில் இறங்க வருகிற விமானங்களை, ரேடார் முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்ரோச் ஆட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆறு மைல் இருந்தால் போதும். முன்னது தரையைத் தொட்டு ஓடி, பக்கப் பாதையில் திரும்பி வெளியேறும். அது வெளியேறுகிறபோதே, கிளம்பக் காத்திருக்கும் ஒன்றை ஓடுபாதைக்குள் ஏற்றி நிறுத்துவோம். பாதை காலியானதும் அதைப் பறக்கவிடுவோம். அது தரையை விட்டு எழுந்து அந்தக் கோடியைத் தாண்டிய பிறகுதான், அடுத்து இறங்குவது இந்தக் கோடியைத் தாண்டி உள்ளே வரலாம். அந்த ஆறு மைலுக்குள் இத்தனையும் முடியவேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிந்துவிடும். அதுதான் எங்கள் வேலை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. ஆரணியில் அரசுப் பள்ளிக்கூடம், வேலூரில் பொறியியல் கல்லூரி, பிறகு ஒரு தேர்வு, வடக்கே பயிற்சி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. அப்பா களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மில்லில் கேட்டால், "ஏரோப்பிளேன எறக்கறான்" என்பார். விமானி இல்லை அப்பா என்று நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். "ஓட்டறவன்கிட்ட எறங்குன்னு யாரு சொல்றது? நீதானே? அப்ப நீதான் எறக்கற" என்று முடித்துவிடுவார்.

வசந்தி மேடம் எங்கள் ஷிப்டின் மேற்பார்வையாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மைக்கில் இருக்கிறவரிடம் அவர் ஒருபோதும் நேராகப் பேசமாட்டார். ஏதாவது சுட்டிக்காட்ட வேண்டியிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார், நம் காதில் விழுகிற மாதிரி. "தெக்கால மேகம் கறுத்துகிட்டு வருது பாத்தீங்களா?" என்று கீர்த்தனாவைக் கேட்டால், காற்றுத் திசை மாறப்போகிறது, அதை நான் கவனிக்கவேண்டும் என்று பொருள். "இன்னைக்குச் சின்ன விமானம் நிறைய இல்ல?" என்றால், பெரிய விமானம் எழுப்பிவிட்டுப் போன காற்றுச் சுழலில் சின்னதை மாட்டிவிடாதே என்று பொருள். மைக் பிடித்திருப்பவனின் தலைக்குள் அந்த நேரம் நாலைந்து விமானங்கள் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவான். திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான். ஆள் பேரை அவர் சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான், மைக்கை அவர் வாங்கிக்கொள்ளும்போது. அப்படி யாரிடமிருந்தும் வாங்கி நான் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பறக்கவோ இறங்கவோ அனுமதி கொடுப்பதற்கு முன்னால், ஓடுபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்க்கவேண்டும். கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, கழுத்தே திரும்பவேண்டும். வாகனமோ நாயோ பறவைக் கூட்டமோ எதுவும் இல்லை என்று கழுத்து சொன்ன பிறகுதான் வாய் பேசவேண்டும். அதற்குப் பெருக்குவது என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். "பெருக்கிட்டியா?" என்று கேட்டுக்கொள்வோம்.

அன்றைக்கும் பெருக்கினேன். மதியம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இறங்கிய விமானம் வெளியேறிவிட்டது, பாதை காலி. கிளம்பவேண்டியது ஓடுபாதைக்குள் வந்து நின்றுவிட்டது. அடுத்து இறங்க வருவது போதுமான தூரத்தில் இருந்தது. பறக்க அனுமதி கொடுத்து, பின்னால் ஒன்று வருகிறது, தாமதிக்காமல் கிளம்பவேண்டும் என்றும் சொன்னேன். விமானி சரி என்று திருப்பிச் சொன்னார்.

விமானம் நகரவில்லை.

சில நேரம் அப்படி ஆகும். என்ன என்று கேட்டேன். உள்ளே ஒரு சின்ன விஷயம், இதோ என்றார். பின்னால் வருவது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி முடியாது என்று தெரிந்ததும், கிளம்பவேண்டியதை அப்படியே நில், அனுமதி ரத்து என்றேன். காதில் கீச்சென்ற சத்தம் மட்டும் வந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயம் பேசினால் அப்படித்தான் வரும், யார் பேசியதும் யாருக்கும் போய்ச் சேராது. நான் நில் என்ற அதே நொடியில் அவர், கிளம்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடி வழியே பார்த்தேன். எஞ்சின்களுக்குப் பின்னால் தண்ணீர் புகைபோல எழுந்தது. விமானம் ஓடத் தொடங்கிவிட்டது.

இறங்க வந்ததை உடனே மேலே ஏறச் சொன்னேன். அது ஏறியது. ஆனால் இறங்காமல் மேலேறுகிற விமானம் ஓடுபாதைக்கு நேர் மேலேதான் போகும். கீழே ஓடுகிறதும் அதே கோட்டில்தான் எழும். மேலே இருப்பவருக்குத் தன் வயிற்றுக்குக் கீழே இருப்பது தெரியாது. கீழே இருப்பவருக்குத் தன் தலைக்கு மேலே இருப்பது தெரியாது. இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். ஓடுவதை இப்போது நிறுத்தலாமா? ஈரப் பாதை, வேகம் ஏறிவிட்டது, பாதை முடிகிற இடத்தில் நிற்காமல் வயலுக்குள் போனாலும் போகும். நிறுத்தவில்லை. மேலே இருப்பதை இடப்பக்கம் திருப்பினேன். கீழே இருப்பதை நேராகவே போ, நான் சொல்லும்வரை தாழ்வாகவே இரு என்றேன். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேகத்துக்குள் போய்விட்டன. கண்ணாடிக்கு வெளியே மழை மட்டும் இருந்தது.

கோபுரத்தில் எங்களுக்கும் ஒரு சின்ன ரேடார் திரை உண்டு. அதில் ஒவ்வொரு விமானமும் ஒரு புள்ளி, புள்ளியின் பக்கத்தில் அதன் பெயரும் உயரமும் எழுத்தில் இருக்கும். அந்த இரண்டு விமானங்களின் எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எழுத்து எதுவும் படிக்க முடியாத ஒரு வெள்ளைக் கறை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை, செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டிருந்தேன். கறை மெதுவாக விரிந்தது. இரண்டாகப் பிரிந்தது. உயரங்கள் தெரிந்தன. ஒருவர் இடப்பக்கம், ஒருவர் நேராக.

உள்ளே இருந்த பயணிகளில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. சுற்றி வந்து இறங்கியதில் சிலர் கடிகாரம் பார்த்திருப்பார்கள்.

விசாரணை நடந்தது. அது முடியும்வரை மைக்கில் உட்காரக்கூடாது என்பது வழக்கம். குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்மேல் குற்றம் எதுவும் இல்லை, எடுத்த முடிவுகள் சரி என்று வந்தது. பாராட்டும்படி ஒரு வரிகூட எழுதியிருந்தார்கள். விமானம் ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை விமானம் ஏறிய பெரியவர் ஒருவர், ஓடுபாதையில் வண்டி நின்றதும் எழுந்து, மேலே வைத்த பையை எடுக்கப் போயிருக்கிறார். பணிப்பெண் அவரை உட்காரவைக்கும்வரை விமானி காத்திருக்கிறார்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நானா இருந்தாலும் எழுந்துகினுதான்பா இருப்பேன். வண்டி நின்னுச்சின்னா எழுந்துக்கறதுதானே. அந்த மனுசனுக்கு யாரு சொன்னாங்க?"

அந்தப் பெரியவர்மேல் எனக்கும் கோபம் வரவில்லை. யார்மேலாவது கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்ததுண்டு.

மறுபடி மைக்கில் உட்கார்ந்த அன்று எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் பெருக்கினேன். பாதை காலி. வாயைத் திறக்கப் போனேன். கழுத்து தானாக இன்னொருமுறை திரும்பியது. இரண்டாம் தடவையும் பாதை காலிதான். அதற்குள் பின்னால் வருவது கொஞ்சம் நெருங்கிவிட்டது. இருக்கட்டும், இது இறங்கட்டும், அடுத்த இடைவெளியில் விடலாம் என்று கிளம்பவேண்டியதை நிறுத்திவைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள்தானே.

பிறகு இரண்டு தடவை பெருக்குவது வழக்கமாயிற்று. பிறகு மூன்று. ஆறு மைல் இடைவெளி கண்ணுக்கு நாலு மைல்போலத் தெரியத் தொடங்கியது. அப்ரோச்சில் இம்ரான் இருந்தால், கோபுரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள நேர் டெலிபோன் லைனில் கேட்டு ஏழு மைல் வாங்கிக்கொள்வேன். இம்ரான் வேலூர்க்காரன். பயிற்சியிலிருந்தே கூட்டாளி. ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம், அவன் வேலூரில் இறங்கிக்கொள்வான், நான் கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்கு. கேட்டதைக் கொடுப்பான். ஏழு போய் எட்டானது.

"மச்சான், எட்டு குடுத்தேன், அதுலயும் ஒண்ண வுடல நீ. எட்டு மைலுல களம்பூர் லாரியே பூந்து போயிடும்டா" என்றான் ஒருநாள்.

சிரித்தேன். அவனும் சிரித்தான். அன்று மாலை கேன்டீனில் என் டீயையும் அவனே வாங்கிவந்து எதிரில் உட்கார்ந்தான். வெகுநேரம் கிரிக்கெட் பேசினான். எழுந்திருக்கும்போதுதான், டாக்டர் யாரையாவது பார்க்கிறாயா என்று கேட்டான். எதற்கு என்றேன். சும்மாதான் என்றான்.

டாக்டரைப் பார்த்தேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூக்கம் எனக்குப் பிரச்சினையே இல்லை. வீட்டில் நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன், கைநடுக்கம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் ஒவ்வொரு இடைவெளியும் சுருங்கியது.

வசந்தி மேடம் அந்த நாட்களில் மாறினார். பக்கத்து நாற்காலியிடம் எதுவும் சொல்வதில்லை. நான் மைக்கில் இல்லாதபோது என்னிடமே வந்து பேசினார். சாப்பிட்டீங்களா என்பார். ஊருக்குப் போய்ட்டு வாங்களேன் என்பார். திட்டவேண்டியவர் திட்டாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இடைவெளி அதிகமாக விட்டால் பாதுகாப்புத்தானே, தாமதம்தானே ஆகும் என்று புதியவர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தாமதம்தானே, யாரும் சாகப்போவதில்லையே.

ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம். காலையிலிருந்து மழை, எல்லாமே பிந்தி வந்துகொண்டிருந்தன. தரையில் கிளம்பக் காத்திருப்பவை வரிசையாக நின்றன. நான் இம்ரானிடம் பத்து மைல் கேட்டேன்.

நேர் லைனில் அவன் திருப்பிக் கேட்டான்.

"பத்தா? மேல நாலு பேரு வட்டம் போட்டுகினு கீறாங்க மச்சான். பேஜாராயிடும்டா. கொஞ்சம் ஜல்தி பண்ணு."

பத்து கொடு என்றேன். கொடுத்தான். அந்தப் பத்து மைலுக்குள் ஒன்றை விட்டேன். இன்னொன்றும் விட்டிருக்கலாம், விடவில்லை. வானத்தில் வட்டமடித்தவர்கள் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு இம்ரான் மறுபடி லைனில் வந்தான். இந்தமுறை மச்சான் இல்லை, டா இல்லை. வட்டத்தில் இருக்கும் ஒருவர், எரிபொருள் எல்லைக்கு வந்துவிட்டது, இனிமேல் தாமதம் தாங்காது என்று சொல்லிவிட்டார் என்றான். வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அதில் எண்ணெய் இல்லை. அங்கேயும் மழை.

எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த விமானத்தில் எண்ணெயைக் குடித்தது மழை இல்லை. ஆறுக்கு மேல் நான் கேட்டு வாங்கிய நாலு மைல்.

வரிசையில் ஏற்கெனவே இரண்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை நெருக்கமாக இறக்கி, மூன்றாவதாக இதை உள்ளே கொண்டுவரவேண்டும். ஓடுபாதைக்குள் ஏற்றி நிறுத்திய ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதையும் அனுப்பியாகவேண்டும். நான் பெருக்கினேன். காலி. மறுபடி பெருக்கினேன். காலி. வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறை கழுத்தைத் திருப்பும்போது கண்ணாடியில் எனக்குப் பின்னால் மேடம் நிற்பது தெரிந்தது.

"ஏழுமலை, நான் எடுத்துக்கறேன்."

எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். கழுத்து ஒரே ஒருமுறை திரும்பியது. நின்றதை அனுப்பினார். அது எழுந்து போனதும் முதலாவது தொட்டது. அது வெளியேறியதும் இரண்டாவது தொட்டது. அது வெளியேறியபோது எண்ணெய் குறைந்த விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு விளக்குகளோடு வெளியே வந்தது. மேடம் குரலை உயர்த்தவே இல்லை, அவசரப்படவும் இல்லை. நான் இல்லை என்று நினைத்த இடமெல்லாம் அங்கேயே இருந்தது. அவர் அதை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கீர்த்தனா என் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி.

ஷிப்ட் முடிந்து படிக்கட்டில் மேடத்துக்காகக் காத்திருந்தேன். நாளையிலிருந்து மைக் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துவிட்டு வாருங்கள், மறுபடி பக்கத்தில் ஆள் வைத்துப் பழகலாம் என்றார். பழகியும் பார்த்தோம். இரண்டு தடவை. எழுத விருப்பமில்லை, முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஆபீஸ் பிரிவில் மேசை கொடுத்தார்கள். அதன் ஜன்னல் வழியே ஓடுபாதையின் ஒரு துண்டு தெரியும். ஒவ்வொரு விமானம் எழும்போதும் வேலையை நிறுத்திவிட்டு, அது கோடியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் அப்படி ஓடியது. பிறகு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

கோபுரத்தில் உட்காரப்போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இடைவெளியைக் குறைப்பதில் பயம் வேண்டாம். கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்துத்தான் குறைப்பார்கள். ஆனால் உங்களில் ஒருவருக்கு என்னைப்போல ஒரு நாள் வரும். விசாரணை சுத்தமாக முடியும். அறிக்கை சுத்தமாக வந்துவிட்டதால் ஆளும் சரியாகிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் எட்டு மைல் கேட்டால் சிரித்துக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். இம்ரானைக் குறை சொல்லவில்லை. நட்பில் கொடுத்தான், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஏழு கேட்ட அன்றே யாராவது என்னை எழுப்பி வெளியே உட்காரவைத்திருந்தால், ஒருவேளை நான் திரும்பி வந்திருப்பேன். அந்த ஒருவேளைதான் என்னைத் தின்கிறது.

அப்பாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை. வந்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

"ஏம்பா, அவசரப்பட்டவனத்தான் வேலைய வுட்டு அனுப்புவாங்க. நெதானமா இருந்தவன யாருப்பா அனுப்புவாங்க?"

யாரும் அனுப்பவில்லை அப்பா, நானாகத்தான் வந்தேன் என்றேன். அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. மில்லில் கேட்கிறவர்களுக்கு லீவில் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வருடம் நடக்கிறது.

இப்போது இங்கே ஒரு பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பைக் ஒன்று இருக்கிறது. போன வாரம் அப்பாவுக்குக் கண் பார்க்க வேலூர் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் நெசவுக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள், சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டைப் பிடித்தோம். கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். இடைவெளி விட்டுத்தான். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ வந்து புகுந்தது. ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவே மறுபடி இடம் விட்டேன், அதில் ஒரு ஷேர் வேன் புகுந்தது. அதற்கும் பின்வாங்கினேன். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. லாரி எங்கேயோ போய்விட்டது. கடைசியில் எங்களுக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது, கண்ணுக்கு எட்டியவரை. அப்போதும் நான் வேகத்தைக் கூட்டவில்லை.

அப்பா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"எடம் கீதுப்பா" என்றார். "போ."